விசில் இல்லாத கறி

குண்டானை மூடின தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர் இன்னும் சுடவில்லை, விரலை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புதான், அப்படியென்றால் உள்ளே கறி இப்போதுதான் தண்ணீர் விட ஆரம்பித்திருக்கும், விடட்டும், அவசரம் இல்லை, மணி பத்தேகால், ஒரு மணிக்குச் சோறு போட்டால் போதும். ஒண்ணும் இல்லை. டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார் நேற்று, பச்சைத் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே, "தொண்டை சுத்தமா இருக்கும்மா, எதுவும் மாட்டிக்கிட்டு இல்ல, புண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல." அந்த ஒண்ணும் இல்லை நேற்றிலிருந்து என் கூடவே நடக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. காலையில் பல் தேய்க்கும்போது வந்தது. சின்ன வெங்காயம் உரிக்கும்போது கண்ணில் தண்ணீர், வெங்காயத்தாலா அதனாலா தெரியவில்லை, நானும் ஆராயவில்லை. பெனி வாசப்படியில் உட்கார்ந்து துணி கிளிப்புகளை வரிசையாக அடுக்குகிறாள், சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம், குனிந்திருக்கிற முதுகில் எலும்பு முட்டிக்கொண்டு சட்டைக்கு மேலேயே தெரிகிறது, எண்ணலாம், எண்ண மாட்டேன். நாலு வயசு முடிய இன்னும் ரெண்டு மாசம். ஐந்து வாரமாக என் மகள் எதையும் முழுங்குவதில்லை. கஞ்சி, பால், பாலில் ஊறிக் கூழாகிப்போன பிஸ்கட், அவ்வளவுதான். வேறு எதை வாயில் வைத்தாலும் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள், பத்து நிமிஷம், இருபது நிமிஷம், கன்னம் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் மாதிரி, பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் துப்பி, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டுப் போவாள், எனக்கு ஏதோ கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. இட்லியையும் அப்படித்தான் கொடுத்தாள். கொத்துக்கறி செய்து பார்த்தேன், "கல்லு"ன்னு சொல்லித் துப்பினாள். பொடிப்பொடியாக இருந்தால் அவளுக்குக் கல், பெரிதாக இருந்தால் பயம். அதனால்தான் நூல். முன்னங்கால் கறி, சவ்வு ஓடின கறி, முழுசு முழுசாக நாலு துண்டம், அடி கனத்த குண்டானில் மஞ்சளும் உப்பும் மிளகும் இஞ்சியும் வெங்காயமும் போட்டு சின்ன தீயில் வைத்தால் மூன்று மணி நேரத்தில் சவ்வெல்லாம் கரைந்து கறி தானாக இழை இழையாகப் பிரியும். துண்டமே இருக்காது. துண்டம் இல்லாவிட்டால் எது போய் அடைக்கும். "பயம்தாம்மா அவளுக்கு, நீங்க வீட்டுல சாப்பிடறதையே மெத்துன்னு பண்ணிக் குடுங்க, ஒரு தடவை முழுங்கிட்டான்னா விட்டுரும்"னார் டாக்டரம்மா. ஒரு தடவை. இன்றைக்கு மதியம் அந்த ஒரு தடவை வரவேண்டும். வரும். ஒண்ணும் இல்லைன்னு சொல்லிவிட்டார்களே.

வாசனை மாறுகிறது. முதலில் பச்சை வாசனை, அது போய் இஞ்சி வந்தது, இப்போது கொழுப்பு உருகுகிற வாசனை, எனக்குப் பசியைக் கிளப்புகிற வாசனைதான், ஆனால் ஐந்து வாரமாக அது வந்தால் கூடவே ஒரு சிவப்புக் கம்பளமும் வருகிறது. அண்ணி வீட்டுக் கம்பளம். அண்ணி என்றால் இவருடைய அக்கா, கிருபா அண்ணி. அவர்கள் புதுசாகக் கட்டின வீட்டுக்கு ஜெபம் வைத்து எல்லாருக்கும் பிரியாணி போட்டார்கள். வீட்டில் என்றால் நான் கறியை என் பல்லால் கடித்துப் பிய்த்து, சோற்றோடு பிசைந்து ஊட்டுவேன், அவளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு எதிரே அண்ணி வீட்டுக்காரருடைய சொந்தக்காரர்கள், பட்டணத்திலிருந்து வந்தவர்கள், இஸ்திரி போட்ட உடுப்பு, கண்ணாடி போட்ட ஒரு அம்மா காகிதத்தால் விரலைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பார்த்தாரோ இல்லையோ, பார்த்ததாக எனக்குத் தோன்றியது. எச்சில் பண்ணி ஊட்டுகிறாளேன்னு நினைப்பார்களோ. எனக்கு எப்போதுமே இப்படி, யாராவது இரண்டு பேர் பார்த்தால் கை எங்கே வைப்பது கால் எங்கே வைப்பதுன்னு ஆகிவிடும். கடிக்காமல், பிய்க்காமல், சோற்றுக்குள் வைத்து அப்படியே கொடுத்துவிட்டேன். அதே நேரம் அந்த அம்மா, "பாப்பா பேர் என்ன?" என்று கேட்டார். திரும்பி, சிரித்து, பெனிட்டான்னு சொன்னேன், ஒரு பெயர் சொல்கிற நேரம்தான், திரும்பிப் பார்த்தால் பெனியின் கண் இரண்டும் பெரிதாக, வாய் திறந்து, சத்தம் இல்லை. அழுதால் சத்தம் வரும், இருமினால் சத்தம் வரும், அவளிடம் ஒன்றுமே வரவில்லை. எனக்கும் வரவில்லை. அதுதான். அதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. என் வாயும் திறந்திருந்தது, ஐயோன்னு கத்த வேண்டும், இத்தனை பேர் இருக்கிறார்களேன்னு அந்த நேரத்திலும் உள்ளே ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. உதடு நீலம் பூத்தது. பிரியாணி தேக்சா பக்கத்திலிருந்து அண்ணி கரண்டியோடு ஓடி வந்தார், கரண்டியை எறிந்தார், குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் ஒரு அடி, இரண்டு அடி, மூன்றாவது அடிக்குக் கம்பளத்தில் விழுந்தது. புளியங்கொட்டை அளவு. பெனி வீரிட்டு அழுதாள், அப்படி ஓர் இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "சத்தம் போடத் தெரியாதாடி உனக்கு?" என்றார். எல்லாருக்கும் முன்னால். தட்டுத் தண்ணீர் சுட்டுவிட்டது. அதைத் தூக்கிக் கறியில் ஊற்றி, தட்டில் வேறு தண்ணீர் விட்டேன். பச்சைத் தண்ணீரைக் கறியில் ஊற்றக் கூடாது, ஊற்றினால் விறைத்துக்கொள்ளும்.

குக்கரில் வைத்திருந்தால் இந்நேரம் பாதி முடிந்திருக்கும். குக்கரில் வெந்த கறி வெளியே குழைந்து உள்ளே ரப்பராக இருக்கும், குழந்தைக்கு அது ஆகாது, அதனால்தான் குண்டான்னு இவரிடம் சொன்னேன். அது உண்மை. இன்னொன்றும் உண்மை, விசில். அரக்கோணத்தில் நாங்கள் இருப்பது ஆறு குடித்தனம் ஒட்டின வரிசை வீடு, குழாய் ஒன்று, சுவர் பொது, நாங்கள் நாலாவது. கோழி மூன்று விசில், ஆடு ஆறு விசில், பதினொன்று அடித்தால் அது என்னவென்று யாருக்குத்தான் தெரியாது. யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோன்னுதான் சனிக்கிழமை தோறும் நாலு விசில் விட்டு அடுப்பை அணைப்பேன், அரை மணி கழித்து நாலு, பிறகு மூன்று, மூன்று வேறு குழம்பு வைக்கிற மாதிரி. இவர் சிரிப்பார், "ஏண்டி, கறியை வேக வைக்கிறியா, கட்டம் கட்டமா ஜாமீன்ல விடறியா?" என்று. ஆனால் சிரிக்கிற மனுஷரும் கறியைக் கறுப்புக் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, மேலே முருங்கைக்காய் நாலு நீட்டி விட்டுத்தான் வாங்கி வருவார். இன்றைக்கும் அப்படித்தான் ஆறரை மணிக்கு வாங்கி வைத்துவிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனார், "பாய் கேட்டார் லீதியா, குழந்தைக்குன்னா கொத்தித் தரட்டுமான்னு. வேணாம் பாய், எங்க வீட்டம்மா அதை நூலாக்கிப் பாவாடை தைக்கப் போறான்னேன்" என்று பெனியைத் தூக்கிச் சுற்றி இறக்கிவிட்டு. அவர் சிரித்தே ஐந்து வாரம் ஆகியிருந்தது. "என்னா லீதியா, இன்னிக்கு உங்க வூட்ல விசிலே காணம்?" ஜன்னலுக்கு வெளியே பத்மக்கா, ஐந்தாவது வீடு, குடம் நிரம்புகிற சத்தம். "இல்லக்கா, குண்டான்ல வச்சிருக்கேன்." "அதானே பார்த்தேன். எங்க மாமியாரு காலைல இருந்து ஒரே நச்சு, நாலாவது வூட்ல சத்தமே இல்லியே, கொழந்தைக்கு ஆஸ்பத்திரில என்னா சொன்னாங்களோ, அந்தப் பொண்ணு அடுப்பே பத்த வைக்கலியோன்னு. கொஞ்சம் ரசம் கொண்டாந்து தரட்டா?" "வேணாங்கா. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்கக்கா. பயம்தானாம்." "அப்பாடா! மாரியாத்தா காப்பாத்துனா." குழாயை மூடிவிட்டு, "உங்க சாமியுந்தான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போகிறவள் திரும்பி, "சனிக்கிழமைன்னா உங்க குக்கர் நாலு அடிக்கும், அப்பறம் நாலு, அந்தக் கடைசி மூணுக்கு நான் உலை வெச்சிடுவேன். இன்னிக்கு உங்களால எங்க வூட்ல சோறு லேட்டு, பாத்துக்க" என்றாள். போய்விட்டாள். பதினொன்றையும் எண்ணியிருக்கிறாள், நான் பிரித்துப் பிரித்து விட்டதையும் எண்ணியிருக்கிறாள். காது சுட்டது. பிறகு ஏதோ லேசாக இருந்தது, நெடு நேரம் கூட்டத்தில் இழுத்துப் பிடித்திருந்த வயிற்றைத் தளர்த்தின மாதிரி. அவள் முகம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, நான் பார்க்கவில்லை, சிரித்துத்தான் சொன்னாளா. கிறிஸ்துமஸுக்கு நான் கொடுக்கிற முறுக்கை வாங்கிக்கொள்வாள், வீட்டில் யாராவது சாப்பிடுவார்களா தெரியாது. தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொள்ளலாம். ரசம் தருகிறேன் என்றாள், அது தெரியும்.

பத்மக்காவிடம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிவிட்டேன். முழுக்கச் சொல்லவில்லை. யாரிடமும் முழுக்கச் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், முதல் தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா கேட்டார், "என்னம்மா குடுத்தீங்க அன்னைக்கு?" நான் கறின்னேன். "என்ன கறி?" பக்கத்தில் நர்ஸ், நெற்றியில் குங்குமம், கையில் பேனா, எழுதக் காத்திருக்கிறார். பின்னால் வரிசை, குழந்தையைத் தோளில் போட்டவர்கள், யாருடைய போனிலோ பாட்டு. வாயில் வந்த சொல்லை உதட்டில் வைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படிக்கும்போது ஒரு நாள் டிபன் டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை, நகர்ந்தாள், அவ்வளவுதான், தரையில் தட்டு உரசின சத்தம் இப்போதும் கேட்கும். ஏழாவதோடு நான் நின்றுவிட்டேன், சத்தம் நிற்கவில்லை. "மட்டன்"னேன். "எலும்போடவா?" மட்டன் என்றால் எலும்பு இருக்கத்தானே செய்யும். தலையை ஆட்டினேன். ஒரு பொய்க்குக் கால் வைத்தால் அது தானே நடக்கிறது, நான் ஒன்றும் செய்யவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். உண்மையில் அது எலும்பே இல்லாத தொடைக்கறி. டாக்டரம்மா முகம் மாறினது. "எலும்புச் சில்லு எங்கயாவது குத்திக்கிட்டு இருந்தா எக்ஸ்ரேல தெரியாமப் போகலாம், ரெண்டு வாரமா முழுங்கலைன்னா சும்மா விடக் கூடாது, மயக்கம் குடுத்துக் கேமரா விட்டுப் பார்த்துடுவோம்." அப்போதாவது சொல்லியிருக்கலாம். மேடம், எலும்பு இல்லை, அது மட்டன் இல்லைன்னு, ஆறே வார்த்தை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை, கம்பளத்து முன்னால் நின்ற மாதிரியே. நேற்று காலை வெறும் வயிற்றோடு கொண்டுபோனோம், கஞ்சி கூட இல்லை, பச்சைச் சட்டை மாட்டினார்கள், அவளுக்கு அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது, "அம்மா நீயும் வா"ன்னாள், கதவு மூடிக்கொண்டது. நாற்பது நிமிஷம். நான் ஜெபிக்கக்கூட இல்லை, ஜெபம் பண்ண வாய் எங்கே இருக்கிறது, பொய் சொன்ன வாய். மயக்கத்திலிருந்து எழாமல் போனால், எழாமல் போனால், அந்த இடத்தில் நினைப்பு முள்ளில் சேலை மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டு மேலே போகவில்லை. பிறகு கதவு திறந்தது. ஒண்ணும் இல்லை. கூடவே, "எலும்புன்னு நீங்க சொன்னதாலதாம்மா பார்த்தோம், பார்த்தது நல்லதுதான்" என்றார். நல்லதா. என் மகளுடைய தொண்டைக்குள் கேமரா போனது என் வெட்கத்தால்தான். கறியைக் கிளறினேன். கிளற வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் கிளறினேன்.

மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும், போன். அண்ணி. "என்னடி பண்றா என் மருமவ? தின்னாளா?" "இன்னும் இல்ல அண்ணி. வேகுது." "என்ன வேகுது?" அவரிடம் சொல்வதில் என்ன, அவர் வீட்டில் தின்றதுதானே. சொன்னேன். சொல்லும்போதே அடுத்ததும் வந்துவிட்டது, தடுக்க முடியவில்லை, வாந்தி வருகிற மாதிரி, ஆஸ்பத்திரியில் மட்டன்னு சொன்னது, எலும்புன்னு தலையை ஆட்டினது, அதனால்தான் கேமரா, எல்லாம். திட்டப் போகிறார். அண்ணி திட்டினால் தெருவுக்கே கேட்கும். "அடிப்பாவி" என்றார் மெல்ல. பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "மாட்டைக் கொண்டுபோய் ஆடுன்னு எழுதிக் குடுத்திருக்கியே, அது செத்த பிறகு பேரு மாத்திக்கினு போச்சே!" "சிரிக்காதீங்க அண்ணி." "சிரிக்காம? நான் என்னா யோக்கியமா? எங்க நாத்தனா ரேவதி கல்யாணத்துக்கு உங்க அண்ணன் ஆபீஸ்காரங்க வந்தாங்களே, பந்தியில என்னா கறின்னு கேட்டப்போ அவரு முழிக்கிறாரு, நான் போயி, சுத்த சைவம் சார், சோயான்னேன். ஒரு மனுசன் ரெண்டு தடவை வாங்கிச் சாப்ட்டான், சோயா எந்தக் கடைன்னு போன் பண்ணிக் கேட்டான்." நானும் சிரித்துவிட்டேன், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, பெனி திரும்பிப் பார்த்தாள், கையில் நீலக் கிளிப்பு. "கேளு" என்றார் அண்ணி, குரல் இறங்கிவிட்டது, "அன்னைக்கு சத்தம் போடத் தெரியாதாடின்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன் பாரு, அது எனக்கு இன்னும் அடைச்சுக்கினுதான் இருக்கு. நானும்தான் பயந்துட்டேன், அதான் கத்துனேன். நீ மனசுல வெச்சுக்காத." "இல்ல அண்ணி." "பாத்ததும் ஒரு வகைல நல்லதுக்குத்தான். பாக்காம இருந்திருந்தா உள்ள என்னமோ இருக்கு, என்னமோ இருக்குன்னு நீயே கரைஞ்சு போயிருப்ப. ஆனா அடுத்த வாரம் போவியே, அப்ப சொல்லிடு." "எப்படி அண்ணி சொல்றது?" "வாயாலதான்டி." வைத்துவிட்டார். வாயால். அவருக்கு வாய் இருக்கிறது. அலமாரியில் பைபிளுக்கு அடியில் அந்தத் தாள் இருக்கிறது, நர்ஸ் கொடுத்த தாள், ஏழு நாளுக்குக் கட்டம் போட்டு, காலை, பதினோரு மணி, மதியம், சாயங்காலம், ராத்திரி. குழந்தை என்ன தின்றாள்னு ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டும். "உள்ளதை உள்ளபடி எழுதணும், எங்களுக்காக எழுதக் கூடாது" என்றார் அந்தக் குங்குமம் வைத்த நர்ஸ், மற்ற எல்லாருக்கும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார், எனக்கு மட்டும் சொன்ன மாதிரி இருந்தது. நேற்றுச் சாயங்காலம் கஞ்சி. ராத்திரி பால். இன்று காலை கஞ்சி. பதினோரு மணி, பால், பிஸ்கட் ஒன்று. மதியம் வெறுமையாக இருக்கிறது.

ஆயிற்று. மூடியிருந்த தட்டை இறக்கினேன், தண்ணீர் வற்றிக் கறி தன் கொழுப்பிலேயே பளபளவென்று கிடக்கிறது, கரண்டிக் காம்பால் தொட்டேன், தொட்ட இடம் விலகியது. வேறு தட்டில் எடுத்து ஆற வைத்தேன். விரலால் பிரித்தால் சேலை ஓரத்து நூல் பிரிகிற மாதிரி நீளம் நீளமாக வருகிறது, ஒவ்வொரு நூலையும் எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தேன், பல்லே வேண்டாம், நாக்கிலேயே போய்விட்டது. இன்னொன்று. இன்னொன்று. சவ்வு ஒன்று தட்டுப்பட்டது, அதை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். குழைய வடித்த சோறு, அவளுடைய முயல் படம் போட்ட கிண்ணம், சோற்றின் மேல் குண்டானில் மிச்சமிருந்த சாறு இரண்டு கரண்டி, அதன்மேல் நூல். வீட்டில் இப்போது யாரும் இல்லை, பல்லால் கடித்துக் கொடுக்கலாம், கண்ணாடி போட்ட எந்த அம்மாவும் பார்க்க மாட்டார். கொடுக்கவில்லை. அவளே எடுக்கட்டும். "பெனி, வா, சோறு." வந்து உட்கார்ந்தாள், கிண்ணத்துக்குள் பார்த்தாள், உடனே உதடு இறுகியது. "இது கறியா?" காளான்னு சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது, காளான்னு சொன்னால் தின்பாள், நாளைக்கும் காளான்னு சொல்ல வேண்டும். "கறிதான்டி." "தொண்டையில நிக்கிற கறியா?" "நிக்காது. அது துண்டு. இது பாரு, நூலு." ஒரு நூலை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிளிப்பால் பிடித்துத் தூக்கினாள். மோந்து பார்த்தாள். என் வாயருகே நீட்டினாள், தின்றேன், ஆன்னு வாயைத் திறந்து காட்டினேன். இன்னொன்றை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள், கூடக் கொஞ்சம் சோறு. கன்னம். அதே கன்னம், வலது பக்கம், உப்பியது. நான் எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்த்தால் அவளுக்குப் பயம் வரும், என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயமே வருகிறது, எனக்குத் தெரியும், யார் பார்த்தாலும் எனக்குக் கை எங்கே வைப்பதுன்னு ஆகிறதே, அவள் என் மகள்தானே. அணைத்த அடுப்பைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே குழாயில் யாரோ குடம் தேய்க்கிறார்கள். இருமினால் திரும்பலாம். சத்தம் வராவிட்டால்? அன்றைக்கும் சத்தம் வரவில்லையே. திரும்பு. திரும்பாதே. மூச்சுக் கேட்கிறது, மூக்கால் விடுகிற மூச்சு, லேசாகச் சளி, கேட்டுக்கொண்டே நின்றேன், ஒன்று, இரண்டு, எத்தனை விசிலுக்கு வேகும் இது, எத்தனை. நைட்டியை இழுத்தாள். வந்துவிட்டது. எனக்குத் தெரியும், துப்பப் போகிறாள், பரவாயில்லை, நாளைக்குப் பார்க்கலாம், பரவாயில்லை பரவாயில்லைன்னு சொல்லிக்கொண்டே குனிந்து உள்ளங்கையை நீட்டினேன். கையை இழுத்துத் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். நாக்கை நீட்டினாள், தூக்கினாள், கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினாள், ஆஸ்பத்திரியில் அவர்கள் காட்டச் சொன்ன மாதிரியே எல்லாப் பக்கமும். "ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு வெறும் உள்ளங்கையில் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, கிண்ணத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அந்தக் கையை நான் திறக்கவில்லை. வெகு நேரம், ஒரு நிமிஷமாவது இருக்கும், மூடியே வைத்திருந்தேன். அவள் அடுத்த நூலைக் கிளிப்பால் தூக்கினாள். மூன்றாவதைக் கையால். பிறகு அலமாரியிலிருந்து தாளை எடுத்தேன், பேனாவை எடுத்தேன், விரலில் கொழுப்பு, காகிதத்தில் பட்ட இடம் எண்ணெயாகிப் பேனா வழுக்கியது, இன்னொரு தரம் அழுத்தினேன். மதியம், சோறு, அரைக் கிண்ணம், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. பக்கத்தில் எழுதினேன், மாட்டுக்கறி, எலும்பு இல்லாதது. அன்றைக்கும் இதுதான்னு கீழே எழுதினேன், கட்டத்துக்கு வெளியே போய்விட்டது, போகட்டும். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா படிப்பார், குங்குமம் வைத்த நர்ஸ் படிப்பார், அந்த நேரம் எனக்குக் கை எங்கே வைப்பதுன்னுதான் இருக்கும், பெனியைப் பிடித்துக்கொள்வேன். "அம்மா," பின்னாலிருந்து, வாயில் சோற்றோடு, "அரைக் கிண்ணம் இல்ல. இன்னும் போடு."